சீனா வேறு வைத்த கதை

எழுபத்து நான்கு வயதில் நான் மைக் பிடித்துச் சீனாவைப் பற்றிப் பேசினேன். கூரியர்காரர் வந்தால்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டிக் கையெழுத்துப் போடுகிறவள் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அப்படிப்பட்டவள் நாற்பது பெண்களுக்கு முன்னால் நின்று பேசி மூன்று வாரம் ஆகிறது, இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் பழைய டைரி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் ஒரு சீட்டில் ஆரம்பித்தது.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி நூலகம். அங்கே புதிதாக வந்த நூலகர் ஒக்கூர்ப் பெண், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். வந்த வேகத்தில் பெண்களுக்கென்று ஒரு வாசகர் வட்டம் தொடங்கிவிட்டார். மாதக் கடைசிச் சனிக்கிழமை, மாலை நாலு மணி. புத்தகங்களின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்குவார். சீட்டு எடுத்தவர் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு அடுத்த மாதம் பத்து நிமிடம் பேச வேண்டும்.

நான் அங்கே போனது பேசுவதற்கு அல்ல. என் ஓரகத்திக்குத் துணையாகப் போனேன். ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஏழு வயது மூத்தவர். ஒரே வீட்டில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவருக்குத் தனி அடுப்பு, எனக்குத் தனி அடுப்பு. இரண்டு பேர் கணவர்மாரும் போய்விட்டார்கள். பிள்ளைகள் வெளியூரில். வாசல் கதவுச் சாவி மட்டும் மாமியார் காலத்துக்குப் பிறகு ஓரகத்தியின் இடுப்பில்தான் இருக்கிறது.

சாவி மட்டுமில்லை, என் பேச்சும் அவரிடம்தான் இருந்தது. காரைக்குடியில் டாக்டரிடம் போனால், "எங்கம்மா வலிக்குது?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்பார், பதில் ஓரகத்தி சொல்வார். ஒருமுறை வலது முட்டிக்குப் பதில் இடது முட்டி என்று சொல்லிவிட்டார். இடையில் புகுந்து திருத்தக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஒரு மாதம் இடது முட்டிக்கே தைலம் தேய்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை டப்பா என் பக்கம் வந்தது. நான் தலையை ஆட்டினேன்.

"எடுடி, அது என்ன கடிச்சா வச்சிரும்?" என்று ஓரகத்தி என் கையைப் பிடித்து டப்பாவுக்குள் விட்டார்.

நூலகர் சீட்டைப் பிரித்து வாசித்தார். சீனாவில் பொருளாதாரம் எப்படி மாறியது, அரசியல் எப்படி மாறியது என்று சொல்கிற புத்தகமாம். பெயரே இரண்டு வரி.

"போச்சுடா! இவளுக்குச் சீனான்னா சீனாச்சட்டி தெரியும், சீனி தெரியும். வேற என்னா தெரியும்? அந்தச் சட்டியில பத்து நிமிசம் பணியாரம் சுட்டுக் காட்டச் சொல்லுங்க!" என்றார் ஓரகத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்துவிடுவது என் வழக்கம். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் நூலகர் கேட்டார். "மாத்திக்கிறீகளா ஆச்சி? சமையல் புத்தகம்கூட ஒண்ணு இருக்கு."

சரி என்று சொல்லியிருக்கலாம். ஏன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. சீனாச்சட்டி என்று சொன்னது எங்கேயோ சுருக்கென்று தைத்திருக்க வேண்டும்.

"முடியலைன்னா முன்கூட்டியே சொல்லிருங்க ஆச்சி. வேற யாரையாச்சும் பேசச் சொல்லுவோம்."

"வேற யாரு? நான் பேசிருவேன். நீங்க கவலப்படாதீக" என்றார் ஓரகத்தி.

புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பேசப்போவது நானா, வழக்கம்போல அவரா? அந்த ஒரு மாதமும் எனக்குள் ஓடியது இந்தக் கேள்விதான்.

காலையில் காப்பி குடித்த கையோடு வளவில், நடு முற்றத்தின் வெளிச்சம் விழுகிற தூண் ஓரமாக உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை வைத்துப் படித்தேன். முதல் பத்துப் பக்கத்துக்கு நாலு நாள். 'சித்தாந்தம்', 'உற்பத்தி உறவுகள்' என்று கல் கல்லாக வார்த்தைகள். கடிக்க முடியாததைத் தள்ளி வைத்துவிட்டு மென்று முழுங்க முடிந்ததை மட்டும் முழுங்கிக்கொண்டு போனேன். பன்னிரண்டாம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்று வந்தது. புள்ளி.

எங்கள் சமூகத்தில் புள்ளி என்றால் கல்யாணமான ஒரு ஜோடி. கோயிலில் கணக்கு எடுப்பது புள்ளி வைத்துத்தான். ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆன அன்றைக்கு அவனும் அவன் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு புள்ளி ஆகிவிடுவார்கள். எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த புள்ளி அது ஒன்றுதான். புத்தகத்தில், நிலத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டாக விவசாயம் செய்த காலத்தில், நாள் முழுதும் வேலை செய்த ஆணுக்குப் பத்துப் புள்ளி, பெண்ணுக்கு ஏழு புள்ளி என்று இருந்தது.

பத்துப் புள்ளியா! பத்துக் குடும்பமா! ஒரு மனிதன் ஒரு நாள் வேலை செய்தால் பத்துக் குடும்பத்துக்கு அவன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். பெண் ஏழு குடும்பத்துக்குப் பொறுப்பு. நாங்கள் ஒரு குடும்பத்தை இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் முதுகு வளைந்துவிட்டதே.

வளவுக்கு அந்தப் பக்கம் அடுக்களையிலிருந்து ஓரகத்தி டிவி சீரியல் கதை கேட்பதுபோலக் கேட்டார்: "என்னடி, இன்னிக்குச் சீனாவுல என்னா நடக்குது?"

"ஒரு ஆம்பளைக்குப் பத்துப் புள்ளியாம் ஆச்சி. பொம்பளைக்கு ஏழாம்."

"ஆத்தாடி! பத்துப் புள்ளிக்கும் அவன் ஒருத்தனே ஒழைக்கணுமா?"

"அப்புடித்தான் போட்டிருக்கு."

"அதான் அந்த ஊரு ஆளுக இம்புட்டு ஒல்லியா இருக்காக!"

மறுநாள் பூக்காரம்மா பூவை அளந்துகொண்டே, "ஆச்சி, சீனாவுல ஒரு ஆளு பத்துக் குடும்பத்துக்குச் சோறு போடணுமாம்ல?" என்று என்னிடமே கேட்டார். ஓரகத்தி அதற்குள் கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தார்.

இரண்டு பக்கம் தள்ளி, வயதான பெண்களுக்குப் பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள் என்று வந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்களிலும் கணவர் போய்விட்டால் பெண் அரைப்புள்ளி. நான் ஒன்பது வருடமாக அரைப்புள்ளி. அங்கேயும் அப்படித்தானா என்று இருந்தது. ஓரகத்தியிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"விடுடி. நீ ஒரு அரை, நான் ஒரு அரை. ரெண்டு பேரும் சேந்தா நம்ம வீட்டுல ஒரு புள்ளி இருக்குல்ல?"

அவர் இப்படித்தான். வாயால் குத்துவார், அதே வாயால் தடவியும் கொடுப்பார்.

அதற்கு மறுநாள்தான் சாணிக்கூடை வந்தது. பன்றி எருவைக் கூடையில் சுமந்து கொண்டுவந்து கூட்டுப்பண்ணையில் ஒப்படைத்தால் அதற்கும் புள்ளி கொடுத்தார்கள் என்று ஒரு வரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தேன். அதேதான். எருக் கூடைக்குப் புள்ளி. சாணிக்கூடைக்கு எப்படிக் கல்யாணம் ஆகும்?

மூன்றாம் தடவை படிக்கும்போது டிவியில் கபடிக்கு வர்ணனை சொல்கிறவர் குரல் காதில் கேட்டது. ஒரே ரெய்டில் மூன்று புள்ளி என்று கத்துவாரே, அந்தப் புள்ளி! மார்க்கு! வேலைக்குப் போட்ட மார்க்கு! வருடக் கடைசியில் அந்த மார்க்கைக் கூட்டித்தான் தானியம் அளந்திருக்கிறார்கள். வளவில் நான் ஒருத்திதான் இருந்தேன். ஆனாலும் காது மடல் இரண்டும் கொதித்தது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்ட ஒருவரிடம் போய், "ஆச்சி, அது தப்பு" என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு அவர் பேச்சுக்குத் தயாராகவே ஆகிவிட்டிருந்தார்.

"பயமா இருந்தா விட்டுருடி. பத்துப் புள்ளியில ஆரம்பிச்சேன்னு வையி, சபை அப்புடியே கட்டிப்போட்ட மாதிரி ஒக்காந்துரும்."

சபையில் டீச்சரம்மா வேறு இருப்பார். அவர் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், யார் தப்பாகப் பேசினாலும் கையைத் தூக்கி நிறுத்தித் திருத்திவிட்டுத்தான் அடுத்த வார்த்தைக்கு விடுவார். ஓரகத்தி பத்துக் குடும்பம் என்று ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே அவமானம். அந்த அவமானம் என்னால் வந்ததாக இருக்கும். நான் பேசினாலொழிய அவர் தப்ப முடியாது. நானோ பேசத் தெரியாதவள்.

புத்தகத்தை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை பக்கங்கள் ஓடின. எப்படி ஓடின! புள்ளி என்றால் மார்க்கு என்று தெரிந்ததும் பூட்டுத் திறந்ததுபோல எல்லாம் திறந்துகொண்டது. வியர்க்க வியர்க்க வெட்டினவனுக்கும் மண்வெட்டியில் சாய்ந்து நின்றவனுக்கும் அநேகமாக அதே மார்க்கு. பிறகு யார் வெட்டுவார்கள்?

அதற்கும் முன்னால் நடந்ததைப் படித்தபோது எழுந்து அடுக்களைக்கே போய்விட்டேன். வீட்டில் யாரும் தனியாகச் சமைக்க வேண்டாம், ஊருக்கு ஒரே சாப்பாட்டுக் கூடம் என்று சொல்லிவிட்டார்களாம். இரும்பு உருக்கி நாட்டை முன்னேற்ற வேண்டும் என்று வீட்டிலிருந்த சட்டி பானையை எல்லாம் வாங்கி ஊர் உலையில் போட்டிருக்கிறார்கள். என் சீனாச்சட்டி, அந்த இரும்பு வாணலி, ஆணியில் தொங்கியது. என் கல்யாணத்துக்கு வந்த சட்டி, அடிப்பக்கம் கருகி, உள்பக்கம் கண்ணாடிபோல இருக்கும். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். இந்தச் சட்டியின் அக்கா தங்கை எல்லாம் அங்கே உருகிப் போயின. உருக்கின இரும்பு பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவவில்லையாம்.

அதற்குப் பிறகு வந்த பஞ்சத்தைப் பற்றிய பக்கங்களை ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. எத்தனை பேர் போனார்கள் என்று புத்தகத்தில் எண் இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை, கூட்டத்திலும் சொல்லவில்லை. சட்டியும் இல்லாமல், சட்டியில் போட ஒன்றும் இல்லாமல் இருந்தார்கள் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு இன்னொரு கொந்தளிப்பு. பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைகளே வாத்தியார் கழுத்தில் பலகையைத் தொங்கவிட்டு ஊர்வலம் விட்ட காலம். அதுவும் முடிந்து, பெரிய தலைவர் இறந்து, இரண்டு மூன்று தடவை கீழே தள்ளப்பட்டும் எழுந்து வந்த ஒரு குள்ளமான தலைவர் மேலே வருகிறார். அவர் வந்து நின்ற சமயத்தில் வறண்டுபோன ஒரு கிராமத்தில் பதினெட்டுக் குடும்பத்துக்காரர்கள் ரகசியமாகக் கூடுகிறார்கள். கூட்டு நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வோம், சர்க்காருக்குச் சேர வேண்டிய தானியத்தை அளந்துவிடுவோம், மிச்சம் அவரவருக்கு என்று ஒரு தாளில் எழுதுகிறார்கள். யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் அவர்கள் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்க்க வேண்டும் என்றும் எழுதுகிறார்கள். கீழே கைநாட்டு வைக்கிறார்கள்.

அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. பிடித்தால் சிறை. ஆனாலும் வைத்தார்கள். மறு அறுவடையில் தானியம் பொங்கிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாக நாடு முழுக்கவே அப்படி விட்டார்கள். நிலம் ஊர்ப் பொதுச்சொத்தாகவே இருக்கும், உழுவது மட்டும் அவரவர் குடும்பம்.

நிலம் பொது. பாடு தனி.

"வேறு வச்சுட்டாக!" என்று கத்திவிட்டேன்.

அடுக்களையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. "யாரயடி?" என்று ஓரகத்தி ஓடி வந்தார்.

"சீனாக்காரவுகள ஆச்சி!"

"கூறுகெட்டவளே, நம்ம வீட்டுல யாரையோ வேறு வச்சுட்டாகன்னு பதறிட்டேன்!"

எங்களில் மகனுக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளில் பெற்றவர்களே அவனை வேறு வைத்துவிடுவார்கள். வேறு வைப்பது என்றால் வீட்டைவிட்டு அனுப்புவது இல்லை. அதே வீடு, அதே வாசல், அதே வளவு. அடுப்பு மட்டும் தனி. பாத்திரம் பண்டம், ஒரு வருடத்துக்கான அரிசி, பருப்பு, புளி எல்லாம் கொடுத்து, இனி உன் பாடு என்று விடுவார்கள். சண்டை போட்டுப் பிரிவது இல்லை அது, நல்ல நாள் பார்த்துச் செய்வது.

என்னை வேறு வைப்பதற்கு முன்னால் இரண்டு வருடம் பொது அடுப்பில் இருந்தேன். மாமியார், ஓரகத்தி, நான். குழம்புக்கு உப்பு யார் போடுவது என்று ஒரு தீர்மானமே கிடையாது. சில நாள் மூன்று பேரும் போட்டிருப்போம், சில நாள் ஒருவருமே போட்டிருக்க மாட்டோம். சாப்பிடுகிறவர்கள் முகம் சுளித்தால், "நான் இல்லை" என்று சொல்ல மூன்று பேருக்கும் வழி இருந்தது. வேறு வைத்த அன்று முதல்முதலாக ரசம் வைத்தேன். ஏழு தடவை ருசி பார்த்தேன். என் உப்பு! கூடினாலும் குறைந்தாலும் என் பேர்தான் கெடும். அந்த ரசத்தை நினைத்தால் இப்போதும் நாக்கு ஊறுகிறது.

அந்தப் பதினெட்டு வீட்டுப் பெண்களும் அப்படித்தான் ஏழு தடவை ருசி பார்த்திருப்பார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.

மிச்சப் புத்தகத்தை நான் படிக்கவில்லை, விழுங்கினேன். கடலோரத்தில் மீன்பிடி ஊராகக் கிடந்த இடத்தை வெளிநாட்டுக்காரர் வந்து தொழில் செய்யலாம் என்று திறந்துவிட, வானம் தொடுகிற கட்டடங்கள் எழும்பின. கிராமத்துப் பெண் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிப் போய்ப் பொம்மை தைத்தார்கள், ரேடியோவுக்குப் பாகம் பூட்டினார்கள். கார்த்திகைக்குக் காரைக்குடியில் நான் வாங்கின மின்சார விளக்குச் சரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இங்கிலீஷ் எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் யார் கை பட்டிருக்கும் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு என் வயதில் ஓர் ஆத்தா இருந்திருப்பாள், சின்னப் பிள்ளையில் வீட்டுச் சட்டி பறிபோனதைப் பார்த்தவள்.

கூட்டத்துக்கு முதல் நாள் மாலை நூலகத்துக்குத் தனியாகப் போனேன். எதையும் தனியாகப் போய்ச் செய்து எனக்குப் பழக்கமில்லை. நூலகர் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சி, பெரியாச்சியவே பேசச் சொல்லிருவமா?"

"இல்லத்தா. நானே பேசுறேன்" என்றேன். சொன்ன குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஆனா அவுககிட்டச் சொல்லிராதீக."

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. ஓரகத்தி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். டீச்சரம்மா முதல் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. நூலகர் என்னை அழைத்ததும் ஓரகத்தி எழுந்துவிட்டார்.

"அவளுக்குப் பேச வராது. நான்தான்..."

நான் அதற்குள் எழுந்து இரண்டு எட்டு வைத்திருந்தேன். முட்டி வலித்தது, வலது முட்டி.

"நான் பேசுறேன் ஆச்சி" என்றேன்.

அவர் அப்படியே என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

மைக்கை வாயில் இடித்துக்கொண்டேன். அது கீச்சென்று கத்தியது, நானும் அம்மா என்று கத்தினேன், அந்த அம்மா கூடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் சேர்ந்து சிரிக்கவில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"மொதல்ல நான் செஞ்ச ஒரு தப்பச் சொல்லிர்றேன்" என்று ஆரம்பித்தேன். "புத்தகத்துல புள்ளின்னு போட்டிருந்துச்சு. நான் நம்ம கோயில் புள்ளின்னு நெனச்சுக்கிட்டேன். சீனாவுல ஒரு ஆளுக்குப் பத்துக் குடும்பம்னு வீட்டுல சொல்லிட்டேன். எங்க ஆச்சியும் நான் சொன்னதாச்சேன்னு நம்பிட்டாக. கடைசியில பாத்தா சாணிக்கூடைக்கும் புள்ளி! சாணிக்கூடைக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

கூடம் அதிர்ந்தது. பூக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஓரகத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் சிவந்தது, வாய் திறந்தது, கூடம் மொத்தமும் கேட்கும்படி அவர் சொன்னார்: "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்!"

சிரிப்பு இரண்டு மடங்கானது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதற்கு மேல் பயமே இல்லை. பொது அடுப்பைச் சொன்னேன், உப்பைச் சொன்னேன், உருகின சட்டியைச் சொன்னேன், பஞ்சத்தைச் சொன்னேன், கைநாட்டைச் சொன்னேன். "நம்ம வீட்டுல வேறு வக்கிற மாதிரிதான், வீடு பொது, அடுப்புத் தனி. பெத்தவுக நல்ல நாள் பாத்து வப்பாக. அங்க பிள்ளைகளே உசுரப் பணயம் வச்சு, தங்களத் தாங்களே வேறு வச்சுக்கிட்டாக. அப்புறம்தான் பெரியவுக சரின்னாக" என்றேன். யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள்.

டீச்சரம்மா கையைத் தூக்கினார்.

"கை தட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. பொருளாதாரம் மாறுனதச் சொன்னீக, ரொம்ப சரி. அரசியல்ல என்னா மாறுச்சு? அதச் சொல்லலையே?"

ஓரகத்தி நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். எனக்காகப் பதில் சொல்லத்தான் வருகிறார் என்று தெரிந்தது. நான் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"என்னய வேறு வச்சப்போ டீச்சர், எங்க மாமியா எனக்கு எல்லாம் குடுத்தாக. நான் என்னா சமைக்கிறேன்னு ஒரு நாளும் எட்டிப் பாத்ததில்ல. ஆனா வீட்டுச் சாவி அவுக இடுப்புலதான் இருந்துச்சு. சாவியப் பத்திக் கேட்டா ஒரு பார்வ பாப்பாக, அம்புட்டுத்தான். அங்கயும் அப்புடித்தான். அடுப்பக் குடுத்துட்டாக, சாவியக் குடுக்கல. படிக்கிற பிள்ளைக பெரிய மைதானத்துல கூடி, நாங்களும் பேசணும்னு கேட்டாக. டாங்கிய விட்டாக. ஒரே ஆளு சாகுறமட்டும் தலமையில இருக்கப்படாதுன்னு ஒரு வரம்பு வச்சாக. அது நல்லாத்தான் இருந்துச்சு. பின்னால அந்த வரம்பையும் எடுத்துட்டாக. வயிறு நெறஞ்சுச்சு டீச்சர். அதச் சின்னதுன்னு நான் சொல்ல மாட்டேன். பட்டினி கெடந்தவுகளுக்கு அதுதான் மொதல்ல. ஆனா வயிறு நெறஞ்சவுகளுக்கும் வாயி ஒண்ணு இருக்குல்ல?"

கடைசி வாக்கியம் புத்தகத்தில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. டீச்சரம்மா ஒன்றும் திருத்தவில்லை. கைப்பையைத் திறந்து, பேனாவை எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்னால் எதையோ எழுதிக்கொண்டார். நூலகர் கடிகாரத்தைக் காட்டினார். பதினேழு நிமிடம் ஆகியிருந்தது!

வீட்டுக்குத் திரும்பும்போது ஓரகத்தி பேசவில்லை. நாலு தெருவும் பேசவில்லை. இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு நேரம் வாய் மூடி நான் பார்த்ததில்லை. தெரு விளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தன. வாசலுக்கு வந்து இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்தவர் பூட்டில் போடாமல் நின்றார்.

"ஏன்டி, சாவி சாவின்னு சபையில சொன்னியே. அத்தைய மட்டுமா சொன்ன? என்னயவும் சேத்தா?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் சிரித்துவைப்பேன், அல்லது இல்லை ஆச்சி என்பேன். நாக்கு அதற்குத் தயாராகவும் இருந்தது.

"ஆமா ஆச்சி. கொஞ்சம் ஒங்களையும்தான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. பட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் சாவி பூட்டில் நுழையவே இல்லை.

"சண்டாளி! ஒரு மாசம் சீனாவுக்குப் போயிட்டு வந்து என்னா பேச்சுப் பேசுற! இந்தா, அப்ப நீயே தொற."

சாவியை என் கையில் வைத்தார். கனமாக இருந்தது, அவர் இடுப்புச் சூட்டோடு இருந்தது. இந்த வீட்டுக்கு வந்து ஐம்பத்தைந்து வருடத்தில் நான் அந்தப் பூட்டைத் திறந்ததே இல்லை. உள்ளே விட்டுத் திருப்பினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தித் திருப்பினேன்.

"இங்குட்டு இல்லடி" என்றார் ஓரகத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி. "அங்குட்டு."